பைரவியின் கணக்கு

கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி' (1985) நல்ல படம். மகத்தான படம் அல்ல. எந்த இடத்தில் அது அப்படி ஆகாமல் போனது என்பதை மட்டும் சொல்லப் பார்க்கிறேன்.

மனைவி இருக்க இன்னொருத்தியிடம் போகிறவனை நம் சினிமா பெரும்பாலும் அயோக்கியனாக அல்லது கோமாளியாகத்தான் காட்டி வந்தது. அதே 1985இல் வெளிவந்த பாக்யராஜின் 'சின்ன வீடு' இதைச் சிரிப்பாக்கியது. பாலசந்தரின் ஜே.கே.பி. வேறு மாதிரி. குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரரை ஒதுக்கிவிட்டுக் கச்சேரி செய்கிற அளவுக்குச் சங்கீதத்தில் ஒழுக்கம் பார்க்கிற வித்வான். மனைவி பைரவிக்குச் சங்கீதம் தெரியாது. சபையில் எழுந்து தமிழில் பாடக் கேட்கிற சிந்துவுக்குத் தெரியும். உடம்புக்கு முன்பே ரசனை வீட்டை விட்டுப் போய்விடுகிறது. இதைக் கூச்சமின்றிச் சொன்னது படத்தின் பெரிய தைரியம். இளையராஜாவின் இசை அந்த ஈர்ப்பை வசனத்தின் துணையில்லாமலே நம்மை நம்ப வைக்கிறது. அவருக்கும் சுஹாசினிக்கும் சித்ராவுக்கும் கிடைத்த தேசிய விருதுகள் தகும்.

விக்கிரவாண்டியில் ஒரு கீற்றுக் கொட்டகையில் அத்தையோடு இதைப் பார்த்தேன். அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மாமாவுக்கு விழுப்புரத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. ஊருக்கே தெரியும், வீட்டில் மட்டும் யாரும் பேசுவதில்லை. கடைசி பஸ் போன பிறகு அத்தை மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

முடிவில் சிந்து தான் பெற்ற குழந்தையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். கணவனை மணந்துகொள்ளச் சொல்லிப் பைரவியே கேட்டும் மறுத்துவிடுகிறாள். கொட்டகையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தார் ரோட்டில் நடந்து வரும்போது அத்தை சொன்னாள்: "புள்ள இல்லாதவளுக்குப் புள்ளயக் குடுத்துட்டுப் போயிட்டா. புள்ள இருக்கறவளுக்கு என்னத்தக் குடுப்பாளாம்?"

நான் படித்த விமர்சனம் எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பைரவியின் குறை சங்கீதம் தெரியாதது என்று தொடங்கிய படம், வழியில் அதைப் பிள்ளையில்லாத குறையாக மாற்றிக்கொள்கிறது. முதல் குறைக்குப் பரிகாரம் கிடையாது, இரண்டாவதற்கு உண்டு. அந்தப் பரிகாரத்தைக் கையில் கொடுத்ததும் கணக்கு நேராகிவிட்டது என்று நாமும் எழுந்து வந்துவிடுகிறோம். அவர் அவளை ஒருநாளாவது பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ராகத்தைச் சொல்லிக் கொடுத்தாரா என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது.

சத்யஜித் ரேயின் 'சாருலதா' (1964) நினைவுக்கு வருகிறது. அங்கேயும் ரசனைதான் மனத்தை வேறு பக்கம் கொண்டுபோகிறது. கடைசியில் கணவனும் மனைவியும் நீட்டிய கைகள் தொடுவதற்கு முன்னால் பிம்பம் உறைந்துவிடுகிறது. ரே எந்தப் பரிகாரமும் தரவில்லை. அந்த இடைவெளியோடுதான் அவர்கள் இனி ஒரே வீட்டில் வாழ வேண்டும். நமக்கும் அது தெரிந்துவிடுகிறது.

பாலசந்தருக்கு அந்த இடைவெளி தெரியாமல் இல்லை. படத்தின் பாதி வரை அதற்குள்தான் இருந்தார். ஆனால் பார்வையாளனை ஆறுதலில்லாமல் வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அத்தைக்கு அந்த ஆறுதல் தேவைப்படவில்லை. அவள் போன பிறகும் அவளுடைய கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.