வாட்டம் பார்த்த கதை

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் 'நேஜ்' என்றால் பனி என்று படித்தேன். அதைத் தொட்டுப் பார்த்ததோ எழுபது வயதுக்குமேல், கியூபெக்கில் மகன் வீட்டில்தான்.

அங்கே பனியில் ஓட்டும் வண்டிக்கு 'மோத்தோநேஜ்' என்று பெயர். அதே மாகாணத்து வால்கூர் ஊர்க்காரர் பொம்பார்தியே 1959இல் 'ஸ்கீ-டூ' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். மகன் தன் வண்டியை மூடிய டிரெய்லரில் ஏற்றிப் போவான். அதில் ஒட்டிவரும் பனி உள்ளே உருகி, பிளைவுட் தரையில் ஒரு பக்கம் உளுத்துவிட்டது. இரவில் அந்தத் தண்ணீர் உறைந்து கதவையும் பிடித்துக்கொள்ளும்.

குளிர் விட்டதும், தரையில் துளை போட்டுக் குழாய் வைக்க நடுவில் குறித்தான். "முதல்ல வாட்டம் பாருடா" என்றேன். டிரெய்லரைக் காரில் மாட்டி நிறுத்தி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினோம். பின்கதவோரம் இடது மூலைக்கு ஓடியது.

அடியில் இரும்புச் சட்டமும் ஒயரும் இல்லையென்று பார்த்து அங்கே துளைத்தோம். வெட்டிய விளிம்பில் எப்பாக்ஸி பூசினோம். இல்லாவிட்டால் பிளைவுட் அங்கேயே தண்ணீர் குடிக்கும். குழாய் குட்டையாக, நேராக இருக்கவேண்டும். வளைவில் தண்ணீர் தங்கினால் உறைந்து அடைத்துவிடும். ஓட்டும்போது சாலைச் சேறு ஏறாமலிருக்க ரப்பர் மூடி.

வாட்டம் பார்ப்பதை எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் கொத்தனாரிடம் கண்டிருக்கிறேன். அந்த வீட்டை இவன் படிப்புக்காக விற்றேன். அதைப்பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

கை கழுவும்போது கேட்டான்: "நம்ம முற்றத்துல தூம்பு எந்த மூலையிலப்பா இருந்துது?"

"ஈசானிய மூலை" என்றேன்.