சீட்டும் கணக்கும்

'சீட்டு' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மட்டாஞ்சேரியில் வாழும் நம் குடும்பங்களில் அச்சொல்லைக் கேட்டவுடன் முதலில் நினைவுக்கு வருவது மாதந்தோறும் கட்டும் ஏலச்சீட்டு. இந்நாட்டார் அதனைக் குறி என்றும் சிட்டி என்றும் வழங்குவர். அடுத்தது பரிசுச் சீட்டு. 52 தாள் கொண்ட ஆட்டச் சீட்டு மூன்றாவதாகவே வரும். முதற் சீட்டினால் இங்கே கடை வைத்தவர்களும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களும் உண்டு. மற்ற இரண்டினால் அப்படி உயர்ந்தவரை நான் அதிகம் கண்டதில்லை. இப்பொழுது எழுத முற்படுவது மூன்றாவதைப் பற்றி. அதிலும் கைப்பேசியில் ஆடப்படும் ஒரு வகையைப் பற்றி.

சீட்டாட்டத்தையே வெறுப்பவன் அல்லன் நான். மலையாள நண்பர்களோடு அமர்ந்து இருபத்தெட்டும் ஐம்பத்தாறும் ஆடிய மாலைப் பொழுதுகள் பல. தோற்றவன் காதில் குணுக்குத் தொங்கவிடுவதோ, எல்லார்க்கும் தேநீர் வாங்கித் தருவதோதான் அங்கே தண்டனை. ஊக வாணிபமும் இவ்வூருக்குப் புதிதன்று. யூதர் தெருவில் 1957 முதல் மிளகு அவதி வாணிபம் நடந்ததை நம் மூத்தவர்கள் அறிவார்கள். நாளை விலை ஏறுமா இறங்குமா என்று உரக்கக் கூவிப் பேரம் பேசுவார்கள். ஆயினும் அக்கூச்சலின் பின்னே கிடங்கில் மிளகு மூட்டை இருந்தது. ஒருவன் இழந்தது மற்றொரு வணிகனுக்குச் சேர்ந்தது. கூடத்தை நடத்தியவர்கள் தங்கள் கட்டணத்தோடு நின்றார்கள். பஜார் சாலையில் கணக்கெழுதியே காலங் கழித்தவனாகையால், இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சென்ற ஐப்பசியில் ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தான். தென்காசிப் பக்கத்தவன், நறுமணப் பொருட் கிடங்கில் வேலை, வயது இருபத்து நான்கு. பெயர் வேண்டாம். கையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தான். அதில் தான் வென்ற நாள்களையெல்லாம் சிவப்பு மையினால் எழுதியிருந்தான். "அண்ணாச்சி, ஒரே இராத்திரியில் பதினோராயிரம் வந்திருக்கிறது. எங்கே கணக்குத் தப்புகிறது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றான். குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, வங்கியிலிருந்து ஐந்து மாத வரவு செலவு அறிக்கையைக் கொண்டு வரச் சொன்னேன். ஆட்டத்திலிருந்து வந்தது நான்கு தவணையில் 27,500 ரூபாய். ஆட்டத்திற்குப் போனது 2,13,500 ரூபாய். இழப்பு 1,86,000. அதில் 80,000 தங்கையின் திருமணத்திற்கென்று அவன் தந்தை ஏலச்சீட்டில் எடுத்து அவனிடம் கொடுத்து வைத்த பணம். 60,000 கைப்பேசிச் செயலியில் வாங்கிய கடன். எஞ்சியது அவனது சம்பளம்.

அவன் ஆடியது மூன்று சீட்டுப் போக்கர். டெரெக் வெப் என்னும் ஆங்கிலேயர் 1994ஆம் ஆண்டில் அமைத்த ஆட்டம் அது. போக்கர் என்ற பெயரைக் கண்டு, ஆளோடு ஆள் மோதும் பழைய ஆட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே நாலு பேர் தங்களுக்குள் ஆடுவார்கள். இடம் கொடுத்தவன் சிறு கூலி எடுத்துக்கொள்வான். இங்கே எதிரே இருப்பவனே இடத்துக்குச் சொந்தக்காரன். முதலில் ஒரு தொகை வைக்க வேண்டும். நமக்கு மூன்று சீட்டு, அவனுக்கு மூன்று. நம் சீட்டைப் பார்த்த பின், அதே அளவு பணம் இன்னொரு முறை வைத்து ஆடலாம். அல்லது வைத்ததை விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். அவன் கையில் ராணியோ அதற்கு மேலோ இல்லையென்றால் நம் முதற்பணத்துக்கு மட்டும் ஈடு தருவான். இருந்தால் இரண்டு கைகளையும் ஒப்பிட வேண்டும்.

இதில் திறமை எவ்வளவு என்று அந்தப் பிள்ளை கேட்டான். மிகவும் குறைவு. ராணி, ஆறு, நான்கு என்ற கைக்குக் குறையாமல் வந்தால் ஆடுக, குறைந்தால் விடுக என்பதுதான் இவ்வாட்டத்தின் சாத்திரம் முழுவதும். இதனைப் பிசகாமல் பின்பற்றுகிறவனும், முதற்பணமாக வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக 3 ரூபாய் 37 காசு இழந்துகொண்டேயிருப்பான்.

அதனினும் கொடியது பக்கத்தில் வைக்கும் ஜோடிப் பந்தயம். நமக்கு ஜோடியோ அதற்கு மேலோ வந்தால், எதிரியின் கையைப் பாராமலே பணம். அவனுக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு காகிதத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினேன். வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம். 52 சீட்டில் மூன்று மூன்றாக எடுத்தால் 22,100 வகைக் கைகள் அமையும். அவற்றுள் ஒன்றுக்கும் உதவாதவை 16,440. ஜோடி 3,744. ஒரே இனத்துச் சீட்டு மூன்று 1,096. வரிசை 720. மூன்றும் ஒரே எண் 52. ஒரே இனத்தில் வரிசை 48. ஒவ்வொரு கைக்கும் ஒரு ரூபாய் வைத்ததாகக் கொள்வோம். 16,440 ரூபாய் போய்விட்டது. வருவது எவ்வளவு? அவன் ஆடிய தளத்தில் ஜோடிக்கு ஒன்று, ஓரினத்துக்கு மூன்று, வரிசைக்கு ஆறு, ஒரே எண்ணுக்கு முப்பது, ஓரின வரிசைக்கு நாற்பது மடங்கு கொடுப்பார்கள். பெருக்கிக் கூட்டினால் 14,832. குறைவு 1,608, நூற்றுக்கு ஏழு ரூபாய்க்கு மேல்.

இப்பொழுது ஒரு சிறு வேடிக்கை. ஓரினத்துக்கு மூன்று என்பதை நான்கு என்று மாற்றிப் பாருங்கள். குறைவு 512 ஆகச் சுருங்கிவிடும். நூற்றுக்கு இரண்டே கால் ரூபாய் சொச்சம். ஒரேயோர் இலக்கத்தைத் திருத்தியதனால் தளத்தாரின் ஆதாயம் மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. வண்ணப்படங்களும் நாணய ஓசையும் நிறைந்த திரையில் அந்த மூன்றை யார் கவனிக்கப் போகிறார்கள்? திரைக்குப் பின்னே சீட்டை ஒழுங்காகக் கலைக்கிறார்களா என்பதையும் நாம் காண முடியாது. நாணயமாகக் கலைத்தாலே இவ்வளவு என்பதுதான் என் கணக்கு.

வேகம் மற்றொன்று. மேசையில் ஆள் அமர்ந்து சீட்டுப் போட நேரமாகும். கைப்பேசியில் நிமிடத்துக்கு நான்கு ஆட்டம் எளிது. ஆட்டத்துக்கு நூறு ரூபாய் ஜோடியில் வைத்தால், மணிக்கு 24,000 ரூபாய் கைமாறி, ஏறத்தாழ 1,750 ரூபாய் கரைகிறது. அந்தப் பிள்ளை மூட்டை சுமந்து ஒரு நாளில் ஈட்டுவது அதைவிடக் குறைவு. பரிசுச் சீட்டையும் நான் புகழவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் அது தடை செய்யப்பட்டது. கேரளத்திலோ 1967 முதல் அரசே நடத்துகிறது. புளியரை கடந்து ஆரியங்காவில் இறங்கி வாங்கிச் செல்லும் நம்மவரை யார் அறியார்? எனினும் அதில் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மனிதனுக்குப் பசிக்கும், உறக்கம் வரும், வேலை நினைவு வரும்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்தாடும் இணைய ரம்மியைத் தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தமிழ்நாட்டில் பலர் உயிரை மாய்த்துக்கொண்ட பின், நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைப் பெற்று 2022இல் சட்டம் இயற்றினார்கள். ஆளுநர் திருப்பியனுப்ப, மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றார்கள். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றை மட்டும் விலக்கியது. ஆளோடு ஆள் ஆடும் போக்கருக்கு அது பொருந்தலாம். பெயரில் மட்டும் போக்கரைச் சுமந்த இவ்வாட்டத்துக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாதென்று சட்டம் செய்தது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. பெயர் பெற்ற நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. கடல் கடந்த தளங்களோ புதுப் புதுப் பெயரில் செய்திக்குழுக்களின் வழியே வந்துகொண்டேயிருந்தன. இவனைப் பிடித்ததும் அப்படிப்பட்ட ஒன்றே.

ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை என்ற செய்தியை நம் வீடுகளில் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். ஏனெனில், அந்தப் பிள்ளையைப் போலீஸ் பயமே வாய் திறவாமல் வைத்திருந்தது. பயந்தவனைத் தேடி இன்னொரு வலையும் வந்தது. அவன் வங்கிக் கணக்கைச் சில வாரங்கள் தங்களுக்கு விட்டுக்கொடுத்தால் கடனைக் கழித்துக்கொள்வதாக ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான். அவன் கேட்டபடி கொடுத்திருந்தால், யாரோ ஏமாற்றிப் பறித்த பணம் இவன் கணக்கில் புகுந்திருக்கும். கணக்கு முடக்கப்பட்டு வழக்கும் இவன் மேல் வந்திருக்கும். நல்ல வேளையாக அதற்கு முன்னமே வந்தான். இணைய மோசடிக்கு 1930, மனம் நொந்தவர்க்கு 14416 ஆகிய எண்களில் அரசின் உதவி கிடைக்கும். பின்னதில் தமிழிலும் பேசலாம்.

அவன் தந்தை மறுவாரம் தென்காசியிலிருந்து வந்தார். வெற்றிலை மென்றபடி காகிதத்திலிருந்த கணக்கை இரண்டு முறை படித்தார். மகனை ஏசுவார் என்று எண்ணியிருந்தேன். "பதினாறாயிரத்துச் சொச்சம் கை ஒன்றுக்கும் ஆகாது என்று முன்னாலேயே எழுதி வைத்து ஆடுகிறான்களா, அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். நெடுநேரம் அவர் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து வழி கண்டோம். வட்டி அதிகமுள்ள செயலிக் கடனை, கிடங்கு முதலாளி முன்பணம் கொடுத்து முதலில் அடைத்தார். அதை மாதம் 5,000 வீதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். ஏலச்சீட்டின் எஞ்சிய தவணைகளைத் தந்தையே கட்டுகிறார். வங்கி அட்டை இப்பொழுது தாயிடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையை மறைக்கக் கூடாது என்று பெண்ணே பிடிவாதமாகச் சொன்னாள், சொன்னார்கள். அவர்கள் கார்த்திகையில் வைத்திருந்த நாளைத் தைக்குத் தள்ளிக்கொண்டு, நகையில் மூன்று சவரன் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்.