சோவ்கார்து

எத்தா சிவில் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் பிறப்பு, இறப்பு, திருமணம் பதிவது எப்படி என்பதல்ல. "ஒரு ரெஜிஸ்தர் என்பது இரண்டு ரெஜிஸ்தர்" என்பதுதான். நெப்போலியன் காலத்து கோத் சிவில் சட்டப்படி ஒவ்வொரு பதிவையும் இரண்டு புத்தகத்தில் எழுத வேண்டும். வருஷக் கடைசியில் ஒன்று மேரியில் இருக்கும், மற்றொன்று கோர்ட்டின் கிரேஃபுக்குப் போகும். பாண்டிச்சேரி போன்ற கடல் கடந்த ஊர்களுக்கு இதுவும் போதாது என்று 16-ஆம் லூயி அரசர் 1776 ஜூன் மாதமே ஒரு கட்டளை போட்டிருந்தார். இன்னொரு நகல் கப்பலேறி வெர்சாய் போக வேண்டும். கரையான், புயல், யுத்தம் மூன்றையும் மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. அப்படிப் போன நம் ஊர்ப் பதிவேடுகள் இன்றைக்கும் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். நம் வாசகர்களில் சிலர் தங்கள் பாட்டனாரை அங்கே கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

இந்தப் பீடிகை எதற்கென்றால், சென்ற மாதம் முழுவதும் என் பொழுதைத் தின்ற விஷயம் இதுதான். நகல். பேக்கப் என்று பிள்ளைகள் சொல்வது. பிரெஞ்சில் சோவ்கார்து என்பார்கள்.

என் வீட்டு அலமாரியில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கிறது. நாஸ் என்று பெயர். வைஃபை பெட்டியோடு ஒரு வயரால் இணைந்திருக்கும். வீட்டிலுள்ள எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் செல்போனிலிருந்தும் அதற்குள் போட்டதை எடுக்கலாம். உள்ளே நான்கு டெராபைட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வைத்தது. குடும்பப் புகைப்படங்கள், கெத்ரேத் தாள்கள், பத்திர நகல்கள், பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய பாட்டுகள், பேச்சுகள் எல்லாம் அதில்தான்.

"டிஸ்க் இரண்டு இருக்கிறதே, அப்புறம் ஏன் தனியாக நகல்?" என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. சட்டப்படி அங்கேயும் பதிவேடுகள் இரண்டு. ஒரு பிரதி ஓத்தெல் தெ வீலில், மற்றொன்று பலே தெ ஜுஸ்தீஸில். 1871 மே மாதம் கொம்யூன் கலகத்தின்போது இரண்டு கட்டிடமும் தீப்பிடித்தன. 1860-க்கு முந்தைய பாரிஸ்வாசிகளின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் இரண்டு பிரதியிலும் சாம்பல். குடும்பங்களிடமும் நோத்தேர்களிடமும் கோயில்களிடமும் இருந்த காகிதங்களைத் திரட்டி, வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்க முடிந்தது. ஒரே ஊரில் இரண்டு பிரதி என்பதே ஆபத்தென்றால், ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் என்பது என்ன? ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது கைகொடுக்கும், உண்மை. பெட்டியே திருடு போனால், தண்ணீர் புகுந்தால், மின்னல் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு கோப்பை நாமே அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும்.

ஆகவே மகன் இரண்டு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். வாரம் ஒருமுறை, பெட்டியின் பின்னால் செருகிய யுஎஸ்பி டிஸ்கில் ஒரு நகல். தினமும் விடியற்காலை 2 மணிக்கு, துலூஸில் அவன் வீட்டிலிருக்கும் இதே மாதிரிப் பெட்டிக்கு இணையம் வழியாக இன்னொரு நகல். வீட்டில் ஒன்று, வேறு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று.

போன மாதம் ஒரு காலை நேரம் பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. பச்சையாக எரிய வேண்டிய விளக்கு ஆரஞ்சாக எரிந்தது. இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. மீதி ஒரே டிஸ்க்தான் உயிரோடு. அதுவும் இதுவும் ஒரே நாளில் வாங்கிய இரட்டைப் பிள்ளைகள். ஒன்று போன இடத்துக்கு மற்றது எப்போது கிளம்பும் என்று யார் சொல்ல முடியும்?

கடைக்காரர் புது டிஸ்க் போட உடனே தயாராக இருந்தார். மகன்தான் போனில் தடுத்தான். "அப்பா, கொஞ்சம் பொறுங்க. புது டிஸ்க் போட்டா, பழசுல இருக்கிறதையெல்லாம் மணிக்கணக்கா படிச்சுப் படிச்சு எழுதும். அந்த நேரத்துலதான் மீதி டிஸ்க்குக்கு வேலை ஜாஸ்தி. முதல்ல நகல் ரெண்டும் சரியா இருக்கான்னு பாருங்க."

பார்த்தேன். இரண்டும் சரியாக இல்லை.

பெட்டியில் ஒரு பதிவேடு உண்டு. எந்த வேலை எத்தனை மணிக்கு நடந்தது, என்ன முடிவு என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கும். பள்ளிக்கூடப் பழக்கத்தில் பெட்டியின் மொழியைப் பிரெஞ்சில்தான் வைத்திருக்கிறேன். யுஎஸ்பி நகலுக்கு நேரே வாரா வாரம் "எஷெக்" என்று எழுதியிருந்தது. தோல்வி. துலூஸ் நகலுக்கு நேரே பகுதி வெற்றி என்று போட்டிருந்தது. இதையெல்லாம் எனக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டியது பெட்டியின் வேலை. ஆனால் மின்னஞ்சல் நிறுவனம் தன் பாதுகாப்பு விதியை மாற்றி, இந்த மாதிரி யந்திரங்கள் சாதாரண பாஸ்வேர்டைக் கொண்டு கடிதம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதனால் பெட்டி எழுதிய கடிதமெல்லாம் வாசலிலேயே திரும்பிக்கொண்டிருந்தன. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, யந்திரத்துக்கு ஆகாது.

முதலில் யுஎஸ்பி டிஸ்க். அதன் தோல்விக்குப் பக்கத்தில் "லெக்த்யூர் சேல்" என்று காரணம் எழுதியிருந்தது. படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று பொருள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில், டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தபோதே ஒருமுறை பாதியில் அணைந்திருக்கிறது. இப்படி அணைந்த டிஸ்கில் ஒரு குறி விழும். அந்தக் குறியைப் பார்த்தால் பெட்டி, "இதன் கணக்கு சரியில்லை, நான் மேலே எழுதிக் குழப்ப மாட்டேன்" என்று ஒதுங்கிவிடும். நல்ல குமாஸ்தா செய்வதும் அதுதானே. வைத்தியம் சுலபம். டிஸ்கைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் செருகி, பிழை சரிபார்க்கும் கட்டளையை ஓட்டி, முறைப்படி வெளியேற்றி, மறுபடி பெட்டியில் செருகினேன். எழுத ஆரம்பித்துவிட்டது. ஆனால் முழு நகலுக்கு ஒரு நாள் ஆகும். ஒற்றை டிஸ்கின் மேல் அத்தனை பாரம் ஏற்றுவதற்கு முன் துலூஸ் விவகாரத்தைப் பார்த்துவிடலாமென்று நிறுத்தி வைத்தேன்.

துலூஸ் பதிவேட்டைப் பேத்திதான் போனில் வாசித்தாள். 11,640 கோப்புகளில் 386 மட்டும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே காரணம். "தாத்தா, நோம் த்ரோ லோன்!" என்று சிரித்தாள். பெயர் நீளம் அதிகமாம்.

பட்டியலை அனுப்பச் சொல்லி வரிவரியாகப் பார்த்தேன். பிரெஞ்சில் பெயரிட்ட கோப்புகள் ஒன்றுகூட அதில் இல்லை. பென்ஷன் தாள், பத்திரம், எக்ஸ்த்ரே எல்லாம் பத்திரமாகக் கடல் தாண்டியிருந்தன. தங்கிப்போன 386-ம் தமிழ்ப் பெயர் கொண்டவை. எல்லாம் வீட்டு விஷயம். அவற்றில் ஒன்று, "1984 தைப்பொங்கலுக்கு மறுநாள் தம்பிக்கு அனுப்பிய கேசட் முதல் பக்கம்".

அது என் மனைவியின் குரல். அப்போது அவள் தம்பி பிரான்ஸ் ராணுவத்தில் இருந்தார். போன் பேச வசதியில்லாத காலம். கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, விடுமுறை முடிந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது நம் ஊரில் வழக்கம். பின்னால் மைத்துனர் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்கு மாற்றிய பிறகு மூல கேசட்டுகளில் பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆக அந்தக் குரல் அந்த நேரத்தில் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. செத்துப்போன டிஸ்குக்குப் பக்கத்து டிஸ்கில்.

மேற்கொண்டு ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. அந்த 386 கோப்புகளையும் லேப்டாப் வழியாக ஒரு பென்டிரைவில் போட்டேன். 20 நிமிஷம் ஆயிற்று. பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு நண்பரிடம் கொடுத்து அவர் பீரோவில் வைக்கச் சொன்னேன். அன்று பகல் சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

காரணத்தை மகன் விளக்கினான். கம்ப்யூட்டர் எழுத்தைப் பைட் கணக்கில் வைத்திருக்கிறது. பிரெஞ்சு எழுத்து ஒன்றுக்கு 1 பைட், மேலே அக்சான் போட்டால் 2. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3. அதிலும் உயிர்மெய் என்பது அதற்கு ஓர் எழுத்தல்ல. "டி" என்றால் "ட" தனி, சுழி தனி. "ண்" என்றால் "ண" தனி, புள்ளி தனி. "பாண்டிச்சேரி" நம் கண்ணுக்கு 6 எழுத்து. அதற்கோ 12 குறி, 36 பைட். அதே ஊரைப் பிரெஞ்சில் எழுதினால் 11 பைட்டில் முடிந்துவிடுகிறது.

என் பெட்டி கோப்பின் பெயருக்கு 255 பைட் வரை இடம் தரும். மகன் வீட்டுப் பெட்டியில் எங்கள் கோப்புகள் இருப்பது பூட்டுப் போட்ட அறையில், அதாவது சங்கேத முறையில். அந்தப் பூட்டு பெயரையும் மறைத்து எழுதுவதால் 143 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழுக்கு 47 குறி. கேசட்டின் பெயரை நான் விரல்விட்டு எண்ணினேன். சொற்கள், எண், இடைவெளி, கடைசியில் ஒட்டும் எம்பி3 எல்லாம் சேர்த்து 180 பைட். இங்கே இடமுண்டு, அங்கே இல்லை.

"எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்புற முறை இருக்குப்பா, அதுல பேர் நீளம் பிரச்சினையே இல்ல" என்றான் மகன். உண்மைதான். ஆனால் அந்த மூட்டையை அவிழ்க்க அதே கம்பெனியின் மென்பொருள் வேண்டும். இருபது வருஷம் கழித்துப் பேத்தி அவிழ்க்கும்போது அந்தக் கம்பெனி இருக்குமோ என்னவோ. கோப்பு கோப்பாகவே இருக்கட்டும் என்றேன்.

பதிவேட்டு வழக்கம் இங்கே கைகொடுத்தது. எத்தா சிவிலில் ஒவ்வொரு பதிவுக்கும் வருஷமும் வரிசை எண்ணும்தான் முகவரி. யாரைத் தேடினாலும், பத்து வருஷத்துக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருக்கும் "தாப்ள் தேசெனால்" அட்டவணையில் பெயரைப் பார்த்து, எண்ணைப் பிடித்து, புத்தகத்தைத் திறப்போம். அதே மாதிரி அந்தக் கேசட்டின் பெயர் இப்போது "1984-017 கேசட்". முழுப் பெயர், யார் பேசுகிறார்கள், எப்போது, யாருக்கு என்பதெல்லாம் தனியாக ஓர் அட்டவணையில். அட்டவணையை அச்செடுத்து நோட்டிலும் ஒட்டியிருக்கிறேன். 386-க்கும் பெயர் மாற்ற ஒன்பது மதியம் ஆயிற்று. ஓய்வு பெற்றவனுக்கு மதியத்துக்கா பஞ்சம்?

பெயர் மாற்றிய இரவே துலூஸில் "வெற்றி" என்று எழுதியது. யுஎஸ்பி நகலும் முடிந்தது. அதன் பிறகே கடைக்காரரை வரவழைத்துப் புது டிஸ்க் போட்டோம். ஒன்பது மணி நேரம் ஓடி விளக்கு பச்சைக்குத் திரும்பியது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அலுவலகத்தில் நகல் எழுதினால் மட்டும் அது நகலாகாது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "கொப்பி கொன்ஃபோர்ம்" என்று முத்திரை குத்திக் கையெழுத்திட்ட பிறகுதான் செல்லும். யந்திரம் வெற்றி என்று எழுதுவது எழுதியவன் சொல்வது, ஒப்பிட்டவன் சொல்வதல்ல. ஆகவே பேத்தியிடம் பத்து எண்களை நானாகச் சொல்லி, அவள் வீட்டுப் பெட்டியிலிருந்து அந்தக் கோப்புகளை எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். ஒன்பது படமும் ஒரு கேசட்டும். எல்லாம் திறந்தன.

கேசட்டை அனுப்பும் முன் அவள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "தாத்தா, பாட்டி இதுல தம்பிக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுக்கிறாங்க. புளி எவ்வளவுன்னு புரியல, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றாள். எலுமிச்சை அளவு என்று சொன்னேன். எனக்குக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் இந்த மாதிரிப் பெட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான்கு வார்த்தை. தோல்விக்கு மட்டுமல்ல, வெற்றிக்கும் கடிதம் எழுதச் சொல்லி வையுங்கள். திங்கட்கிழமை கடிதம் வராவிட்டால் போய்ப் பாருங்கள். பகுதி வெற்றி என்றிருந்தால், போகாத பகுதி எது என்று பட்டியலைக் கேளுங்கள். தமிழில் பெயர் வையுங்கள், தாராளமாக வையுங்கள், 40 குறிக்குள் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துக் கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

எதிர்வீட்டு நண்பர் பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அது அவர் பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம், கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்காமல் வைப்பது பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சந்திப்போம்.