அப்பாவும் ஒரு வெட்டுக்கிளியும்

போன வாரம் ஒரு பொட்டி வந்துச்சு. தமியா கிராஸ்ஹாப்பர், அதாங்க வெட்டுக்கிளி. 1984-ல் வந்த ரிமோட் கார். 2005-ல் மறுபடி விட்டாங்க. 85-ல் சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்போ அப்பா இதைக் கடைக் கண்ணாடியில பார்த்து, விலை கேட்டுட்டுத் திரும்பிட்டாராம்.

மூடியைத் திறந்தா கார் இல்லை! வெள்ளை பிளாஸ்டிக் பாடி, பை பையா ஸ்க்ரூ, 380 மோட்டார். நாமதான் பூட்டணும். ரிமோட், பேட்டரி எல்லாம் தனி. பழசுல வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சர்வோ, ரெசிஸ்டர், இப்ப எலக்ட்ரானிக்.

"எவ்ளோடா?"ன்னார். பாதி விலை சொன்னேன்.

சிரிச்சார். "ஊருக்கு வாங்கிட்டு வர்றதுக்கெல்லாம் உங்க பாட்டிகிட்ட நானும் பாதிதான் சொல்வேன். சரி, ஸ்க்ரூடிரைவர் எடு."