இரண்டு முறை அழுத்தினால் பிடிக்கும்



அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! இந்த முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். ஒரு மலைச் சைக்கிளின் ஹைட்ராலிக் பிரேக்கில் புகுந்த காற்றை வெளியேற்றியதைப் பற்றி எழுதப்போகிறேன். மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கு ஸ்பேனரோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு வரை எனக்கும் அதோடு எந்த வேலையும் இருந்ததில்லை. என்னுடைய அலட்சியமே அந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தது.

நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம். இங்கே வீட்டு வாசலைக் கடந்தால் ஒன்று ஏற்றம், இல்லையேல் இறக்கம். என் மூத்த மகனுக்கு 16 வயதானபோது, ஒருவர் சில காலம் பயன்படுத்திய மலைச் சைக்கிள் ஒன்றை அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கொண்ட வண்டி அது. நம் காலத்துச் சைக்கிளில் கம்பி இழுத்து ரப்பர் கட்டையை விளிம்பில் அழுத்தும். இதில் கம்பி கிடையாது. கைப்பிடியருகே உள்ள லீவருக்குள் ஒரு சிறு பிஸ்டனும் எண்ணெய்த் தொட்டியும் உள்ளன. அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று சக்கரத்தருகே இருக்கும் காலிப்பருக்குச் செல்கிறது. குழாய் முழுவதும் எண்ணெய். லீவரை அழுத்தினால் அந்த அழுத்தம் எண்ணெய் வழியே சென்று காலிப்பரின் பிஸ்டன்களைத் தள்ளும். அவை இரண்டு பேடுகளை இரும்புத் தட்டின் மீது நெருக்கும். மேலே உள்ள பிஸ்டன் சிறியது, கீழே உள்ளவை பெரியவை. ஆகவே இரண்டு விரல்களின் வலிமை பன்மடங்காகிச் சக்கரத்தை நிறுத்திவிடுகிறது.

வாங்கிய சில மாதங்களில் ஒருநாள் மகன் வந்து, "அத்தா, முன் பிரேக் பஞ்சு மாதிரி இருக்கு" என்றான். நான் சென்று லீவரை அழுத்திப் பார்த்தேன். எதிர்ப்பே இல்லாமல் அது கைப்பிடியைத் தொட்டது. விட்டுவிட்டு மீண்டும் அழுத்தினேன், கொஞ்சம் இறுகியது. மூன்றாம் முறை நன்றாகவே பிடித்தது. "இரண்டு தடவை அழுத்தினால் பிடிக்கிறதே! பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடியும் நினைவுபடுத்தினான். மதரஸாவில் ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம் அது. விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அதே பதிலைச் சொன்னேன்.

அவனும் பழகிக்கொண்டான். வளைவு வருவதற்கு முன்பே லீவரை இரண்டு முறை தட்டி வைத்துக்கொள்வான். இறக்கத்தில் பின் பிரேக்கையே நம்புவான். குறை அப்படியே இருந்தது. அதோடு வாழும் வித்தையை நாங்கள் கற்றுக்கொண்டோம்.

அந்த வித்தை தெரியாத ஒரு பிள்ளையின் கைக்கு வண்டி போகும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் வகுப்பு முடிந்ததும், என் மாணவன் ஒருவன், 11 வயதுச் சிறுவன், ஒரு சுற்று ஓட்டித் தருவதாக என் மகனிடம் சைக்கிளைக் கேட்டான். மகன் கொடுத்தான். நான் மதரஸா வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'முன் பிரேக் சரியில்லை' என்ற மூன்று சொற்களைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பள்ளிவாசலை ஒட்டிய தெரு இறங்கிச் சென்று இடப்பக்கம் திரும்பும். திருப்பத்தில் அவன் வலக்கை லீவரை முழு பலத்தோடு அழுத்தினான். அது கைப்பிடியைத் தொட்டு நின்றது. இரண்டாம் முறை அழுத்த அவனுக்கு நேரமில்லை. பதற்றத்தில் இடக்கையை மறந்துபோனான். தடுப்புச் சுவரில் மோதி விழுந்தான்.

தலையில் அடிபடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் மருத்துவர்.

சிறுவனின் தந்தை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஓட்டுநர். செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடி வந்தவர், மகனைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ்வோட நாட்டம் ஹஜ்ரத். பிள்ளைங்கன்னா விழத்தான் செய்யும். நீங்க சங்கடப்படாதீங்க" என்றார். நான் தலையை அசைத்தேன்.

அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தலையசைப்புதான். கத்ரைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். திர்மிதீயில் இடம்பெற்றுள்ள, ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை விளக்காத ஆண்டே இல்லை. அவர் தம் துயரத்தில் பொறுமையைத் தேடிச் சொன்ன சொல்லை, நான் என் தவறை மூடும் போர்வையாக எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது உண்மை. அதைக் கேட்டு நான் தலையசைத்தது பொய். பிரேக் பிடிக்காது என்பது எனக்கு முன்பே தெரியும், அவருக்குத் தெரியாது.

மறுநாள் சுப்ஹு தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றேன். வண்டியின் குறையை என் மகன் இரண்டு முறை சொன்னதையும், நான் தள்ளிப்போட்டதையும், வாசலில் நின்றுகொண்டே அந்தப் பிள்ளையைத் தடுக்காமல் விட்டதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பம்ப் பண்ணினாத்தான் பிடிக்குதுன்னா, அந்த வண்டிய நான் மலையை விட்டுக் கீழே இறக்கவே மாட்டேன் ஹஜ்ரத்" என்றார். குரலில் கோபம் இல்லை. தொழில் தெரிந்தவர் ஒருவர் தொழில் தெரியாதவனுக்குச் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதைவிடக் கடுமையாக யாரும் என்னைக் கண்டித்ததில்லை.

மருத்துவச் செலவுக்கான தொகையைக் கொடுத்தேன். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியில்தான் ஒன்றை உணர்ந்தேன்: அவர் மறுத்துவிடுவார் என்று மனத்தின் ஓரத்தில் நான் எதிர்பார்த்திருக்கிறேன். அவர் வாங்கிக்கொண்டது எனக்குச் செய்த உதவி.

சைக்கிளைச் சங்கிலியிட்டுப் பூட்டினேன். மகனிடம், "இதை நாம் இருவரும் சேர்ந்தே சரிசெய்வோம்" என்றேன். கடைத்தெருவில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் சகோதரரிடம் கேட்டபோது, "ஏர் புகுந்திருக்கு பாய். டாட் 4 ஊத்தி ஏர் எடுத்தா சரியாகிடும்" என்று ஒரு சிறு புட்டியையும் கொடுத்தார். அவர் சொன்ன நோய் சரி, மருந்துதான் தவறு. வீட்டுக்கு வந்து புட்டியைத் திறக்கப்போகும்போது மகன் என் கையைப் பிடித்தான். "அத்தா, இதைப் படியுங்க" என்றான். லீவரின் மூடியில், மினரல் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன.

இதை வாசகர்கள் குறித்துக்கொள்வது நல்லது. மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஊற்றும் டாட் வகைத் திரவம் வேறு, மினரல் ஆயில் வேறு. ஷிமானோ, மகுரா போன்ற நிறுவனங்களின் சைக்கிள் பிரேக்குகள் மினரல் ஆயிலில் இயங்குபவை. ஸ்ராம் நிறுவனத்தின் பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் திரவம். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போய்ப் பிரேக்கே பாழாகும். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் 155 பாகை வரை இறங்கலாம். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது திரவம் கொதித்து ஆவியானால், ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும், லீவர் வெறுமையாகிவிடும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆயினும் அதுவும் காலப்போக்கில் அழுக்கேறும், மாற்றத்தான் வேண்டும்.

குறையின் காரணமும் அப்போதுதான் விளங்கியது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால், நம் விரலின் விசை பேடுக்குப் போய்ச் சேராமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். அடுத்தடுத்து அழுத்தும்போது தொட்டியிலிருந்து இன்னும் சிறிது எண்ணெய் உள்ளே செல்வதால் தற்காலிகமாக ஓர் இறுக்கம் வருகிறது. என்னை ஏமாற்றியது அந்த இறுக்கம்தான். காற்று எப்படிப் புகுந்தது? பஞ்சர் ஒட்டுவதற்காகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தோம். தொட்டியில் எண்ணெய் குறைந்து மேற்பகுதியில் காற்று நின்றிருந்தால், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் இறங்கிவிடும்.

உரிய எண்ணெய், சிரிஞ்ச், லீவரின் மேல் பொருத்தும் சிறு புனல் ஆகியவற்றைத் தபாலில் வரவழைத்தோம். வந்து சேர எட்டு நாட்கள் ஆயின. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முற்றத்தில் அமர்ந்தோம்.

முதலில் சக்கரத்தைக் கழற்றினோம். பிறகு பேடுகளை எடுத்துத் தனியே, தொலைவில் வைத்தோம். ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பேடு வழுக்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். வெளியே வந்திருந்த பிஸ்டன்களை மெதுவாக உள்ளே தள்ளி, பேடுகள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கட்டையைச் செருகினோம். அந்தக் கட்டை இல்லாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். லீவரின் மேலுள்ள சிறு திருகை எடுத்துவிட்டுப் புனலைப் பொருத்தினோம். கீழே காலிப்பரில் உள்ள நிப்பிளில், எண்ணெய் நிரப்பிய சிரிஞ்சின் குழாயை மாட்டி, நிப்பிளைச் சிறிதளவு திறந்தோம். மகன் கீழிருந்து எண்ணெயை நிதானமாகச் செலுத்தினான். நான் மேலே புனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருத்துப்போன பழைய எண்ணெயோடு குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. காற்று இயல்பாகவே மேல்நோக்கிச் செல்வது; அதற்கு வழி திறந்துவிடுவதுதான் நம் வேலை.

குமிழி நின்றதும் நிப்பிளை மூடி, எல்லாவற்றையும் பொருத்திவிட்டு லீவரை அழுத்தினோம். இன்னும் மெத்தென்றே இருந்தது. என் முகம் வாடியது. பழைய ஆளாக இருந்திருந்தால், 'முன்பைவிடப் பரவாயில்லை' என்று எழுந்திருப்பேன். மகன் என் முகத்தையே பார்த்தான். "மறுபடியும் முதலிலிருந்து செய்வோம்" என்றேன்.

இரண்டாம் முறை எங்கள் தவறு தெரிந்தது. லீவரைச் சமமாக வைக்காமல் சாய்வாக வைத்திருந்தோம். உள்ளே ஒரு மூலையில் காற்று தங்கிவிட்டது. இம்முறை கீழிருந்து எண்ணெய் செலுத்திய பின், சிரிஞ்சை எடுத்துவிட்டு நிப்பிளில் ஒரு குழாயையும் புட்டியையும் மாட்டினோம். லீவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைக் கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடினோம். இப்படி மூன்று முறை. பிறகு நிப்பிளை இறுக்கிவிட்டு, லீவரைச் சற்று மேலும் கீழுமாகச் சாய்த்து மெல்ல அழுத்தி விட்டோம். குழாயையும் காலிப்பரையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினோம். பாசிப்பயறு அளவில் ஒரு குமிழி புனலில் வந்து உடைந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று. பிறகு எதுவும் வரவில்லை. லீவர் பாதி வழியிலேயே உறுதியாக நின்றது. புனலின் அடைப்பானைச் செருகி எடுத்துவிட்டு, எண்ணெய் விளிம்பு வரை ததும்பி நிற்கும்போதே திருகைப் போட்டு மூடினோம். எண்ணெய் பட்ட இடங்களைத் துடைத்து, இரும்புத் தட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, புதிய பேடுகளை மாட்டினோம்.

புதிய பேடு உடனே முழுமையாகப் பிடிக்காது. சமதளத்தில் மிதமான வேகத்தில் சென்று, மெல்ல மெல்லப் பலமுறை வேகத்தைக் குறைத்து அதைப் பழக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு அருகே ஆள் நடமாட்டம் இல்லாத அதிகாலையில் அதைச் செய்தோம். அதன் பிறகு பள்ளிவாசல் தெரு இறக்கத்தில் முதலில் நான் இறங்கினேன். இந்த வயதில் சைக்கிளில் வந்த என்னைப் பார்த்துத் தேநீர்க் கடையில் சிலர் சிரித்தார்கள். திருப்பத்தில் ஒரே ஒரு முறை லீவரை அழுத்தினேன். வண்டி நின்றது.

கட்டுப் பிரித்த மறுவாரம் அந்தச் சிறுவன் வகுப்புக்கு வந்தான். சைக்கிள் மதரஸா சுவரில் சாய்ந்திருந்தது. அதன் அருகே செல்லவே தயங்கினான். நான் அழைத்துச் சென்று, என்ன குறை இருந்தது, அதை யார் கவனிக்கத் தவறியது என்பதை அவனுக்குப் புரியும்படி சொல்லி, அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர்கள் அல்லர்; சொல்லி முடிக்கச் சற்றுச் சிரமமாகத்தான் இருந்தது. அவன் லீவரை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தான். "இப்போ கல்லு மாதிரி இருக்கு ஹஜ்ரத்" என்றான். ஓட்டுகிறாயா என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அது அவனுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நடக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.

சகோதரர்களே! பிள்ளைகளின் சைக்கிளை இன்று மாலையே ஒருமுறை பாருங்கள். நிற்க வைத்து ஒவ்வொரு லீவரையும் ஒரே ஒரு முறை அழுத்துங்கள். அது கைப்பிடியைத் தொட்டாலோ, இரண்டாம் முறை அழுத்தும்போதுதான் இறுகினாலோ, அந்த வண்டியை அன்றே ஓரமாக நிறுத்திவிடுங்கள். நம் பிள்ளைகளைப் போலவே, நம் வீட்டுப் பொருளை நம்பி ஏறும் பிறர் பிள்ளைகளும் நம்மிடம் உள்ள அமானிதம். உங்கள் மகன் ஒரு குறையைச் சொல்ல வந்தால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அலட்சியங்களை மன்னித்து, நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.