லான்பெரிஸ்: மலைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி

"கரண்ட் இருக்கும்போதே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி வை!" ஊரில் அம்மா போட்ட சத்தம் லண்டன் வந்து இத்தனை வருஷமாகியும் காதை விட்டுப் போகவில்லை. அந்த வேலையை ஒரு மலையே செய்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் லான்பெரிஸ் கிளம்பினேன். யூஸ்டனில் ரயிலேறி, வடக்கு வேல்ஸின் பாங்கரில் இறங்கி, அங்கிருந்து பேருந்து.

சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகள்: படார்ன், பெரிஸ். வருகிற கூட்டமெல்லாம் ஸ்னோடன் மலைக்கும், 1896 முதல் அதன்மேல் ஏறும் பல்சக்கர ரயிலுக்கும்தான். கடைகளில் வேல்ஷ் மொழி தாராளமாகக் காதில் விழுகிறது. ஊர்ப் பெயரின் முதல் ஒலிக்கு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். ழகரம் வராதவர்களைக் கேலி செய்தே பழகியவன், இங்கே விரலால் பெயர்ப்பலகையைக் காட்டித் தப்பித்தேன்.

ஏரிக்கு எதிரே எலிடிர் மலை, ராட்சதப் படிக்கட்டு வெட்டியதுபோல் நிற்கிறது. டினோர்விக் சிலேட்டுக் குவாரி விட்டுப்போன தடம் அது. நல்ல காலத்தில் 3,000 பேருக்கு மேல் அங்கே கல் பிளந்தார்கள். வீட்டுக் கூரைக்கு ஓடாகக் கப்பலேறிய கல் அது. 1969இல் குவாரியை மூடினார்கள். மிச்சக் கற்கள் இன்னும் சரிவெங்கும் குவிந்து கிடக்கின்றன. மழை பட்டால் அவை கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுகின்றன. மிதித்தால் உடைந்த ஓட்டுச் சத்தம்.

1974இல் அதே மலையை மறுபடி குடைந்தார்கள், இந்த முறை உள்ளுக்குள். 16 கிலோமீட்டர் சுரங்கம், 1.2 கோடி டன் பாறை, பத்து வருஷ வேலை. 1984இல் டினோர்விக் மின்நிலையம் திறந்தது. மேலே மார்ச்லின் ஏரி, சுமார் 500 மீட்டர் கீழே பெரிஸ் ஏரி, நடுவே மலையின் வயிற்றில் ஆறு இயந்திரங்கள். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை எகிறும்போது திறந்துவிட்டால், ஏற்றிய அதே இயந்திரம் எதிர்ப்பக்கம் சுழன்று மின்சாரம் தரும். மொத்தம் 1,728 மெகாவாட். இயந்திரங்களை முன்கூட்டியே சுழலவிட்டிருந்தால் கால் நிமிடத்துக்குள் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிடும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? 1990 ஜூலை 4, உலகக் கோப்பை அரையிறுதி. மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடே எழுந்துபோய்க் கெட்டிலைத் தட்டியது. மின்தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் ஏறியது. துக்கத்துக்கும் டீ போடுகிற தேசம்! இன்று டிவி பார்ப்பவர்களைவிட, திடீரென்று நின்றுபோகும் காற்றாலைகள்தான் இந்த மலையை அதிகம் நம்பியிருக்கின்றன.

மின்சாரக் கணக்கில் இது நஷ்டம். ஏற்ற நான்கு யூனிட் செலவழித்தால் இறங்கும்போது ஏறக்குறைய மூன்றுதான் திரும்ப வரும். அந்த ஒரு யூனிட், சமயத்துக்கு உதவுவதற்கான கூலி. அது நியாயமான கூலி என்றே எனக்குப் படுகிறது. நம் ஆனைமலையிலும் 1980களின் கடைசியிலிருந்து கடம்பாறை மின்நிலையம் இதே கணக்கில்தான் ஓடுகிறது, 400 மெகாவாட். ஆழியாறு தாண்டி வால்பாறைக்குக் கார் ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

மார்ச்லினுக்குப் போகும் தார்ச்சாலையில் பொது வாகனங்களுக்கு அனுமதி இல்லை, நடக்கத்தான் வேண்டும். மூச்சு வாங்க மேலே ஏறினால், பாறைக் கிண்ணத்துக்குள் கரும்பச்சைத் தண்ணீர். கரையைச் சுற்றிப் புல் முளைக்காத மொட்டை வளையம் ஒன்று. குளியலறை வாளியில் படிந்த உப்புக்கோடு மாதிரி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கம்பமோ கம்பியோ கண்ணில் படவில்லை. மின்கம்பியைச் சுமார் 10 கிலோமீட்டர் தூரம் மண்ணுக்கடியிலேயே கொண்டுபோயிருக்கிறார்கள்.

போகிறவர்கள் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்க ஆசை வந்தால் படார்னில் குளிக்கலாம். பெரிஸில் மட்டும் கால் வைக்காதீர்கள்; அதன் நீர்மட்டம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது மின்தேவையைப் பொறுத்தது.