மழலைக்கு எது கல்வி?



கோடை விடுமுறை முடிவதற்கு முன்பே நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டதே, எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" உற்றாரைக் கேட்கிறோம், அண்டை வீட்டாரைக் கேட்கிறோம். கட்டணம் எவ்வளவு, வண்டி வாசலுக்கு வருமா, ஆங்கிலம் பேச வைப்பார்களா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால், "அந்த வகுப்பில் என் பிள்ளையோடு பேசுவதற்கு ஆள் உண்டா?" என்று விசாரிப்போர் நம்மில் எத்தனை பேர்?

பாலர் வகுப்பு ஆசிரியையாக இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் யோசனை கேட்டு வரும் தாய்மாரிடம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன். அவர்களோ, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பழமொழியைக் காட்டி, "இப்போதே எழுதப் பழகாவிட்டால் பின்னால் கஷ்டமாகிவிடுமே" என்கிறார்கள். பழமொழி பொய்யன்று. ஆனால் வளைப்பது வேறு, ஒடிப்பது வேறு.

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது இவை எலும்பாகவே இருப்பதில்லை. வெறும் குருத்தெலும்பாக இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகின்றன. கடைசி எலும்பு உருப்பெறுவதற்குள் பிள்ளைக்குப் பத்து வயதை ஒட்டிவிடும். அத்தகைய கையில், மூன்று வயதில் பென்சிலைத் திணித்து, நான்கு வரிக் கோட்டுக்குள் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது எவ்வகையில் நியாயம்? அந்த வயதுக் கைக்கு ஏற்றவை களிமண்ணும் மணலும் சாக்குக்கட்டியும் அல்லவா?

என் வீட்டிலேயே இது ஒரு வழக்காக வந்தது. என் மகன் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறான். அவன் மகளை, மூன்றரை வயதில், எங்கள் ஊரில் பெயர் பெற்ற பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். ஒரு வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள், ஓர் ஆசிரியை. அவளும் கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்த இளம்பெண், சொற்பச் சம்பளம். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பத்தாறு மழலைகளை ஒருத்தி எப்படிச் சமாளிப்பாள்? அடக்கித்தான் வைப்பாள்.

வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என் பேத்தி இரண்டே மாதங்களில் வாயடங்கிப் போனாள். "இன்று பள்ளியில் என்னம்மா செய்தாய்?" என்று கேட்டால் அவள் சொன்ன பதில் இன்றும் என் காதில் நிற்கிறது: "வாயில விரல் வச்சிட்டிருந்தேன்."

என் மருமகளுக்கும் கவலைதான். ஆயினும் கடல் கடந்து இருப்பவன் ஒவ்வோர் இரவும் கைபேசியில், "உம்மா, புள்ள ஏ பி சி எழுதுறாளா?" என்றே கேட்டான். மகளுடைய நோட்டுப் பக்கத்தைத் திரையில் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். பெருமைக்காக அவன் கேட்கவில்லை, சகோதரிகளே! பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச முடியாத தகப்பனுக்கு, அந்த நோட்டுப் பக்கம் ஒன்றுதான் பிடிமானம். தான் அனுப்பும் பணம் மகளிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது ஒரு ரசீது. நம் ஊர்களில் எத்தனையோ தகப்பன்மாரின் பாசம் இப்படிக் கட்டணமாகவும் நோட்டாகவும் உருமாறிக் கிடக்கிறது!

பலநாள் பேசிப் பேசி, பருவ இறுதியில் அவளைப் பக்கத்துத் தெருவில் இருந்த சிறிய மழலையர் பள்ளிக்கு மாற்றினோம். அங்கே பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள். கட்டணமோ பாதிதான். "செலவுக்கு அஞ்சி மாற்றிவிட்டார்கள்" என்று உறவில் பேச்சு எழுந்தது. கல்யாண வீடுகளில் அவள் வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு எழுத்துகளையும் ஒப்பித்துக் கைதட்டல் வாங்கும்போது, என் மருமகள் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓராண்டும் பிள்ளை ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் தன் முறை வரும்வரை காத்திருக்கக் கற்றாள், சண்டையிட்டுப் பின் சமாதானமாகக் கற்றாள், "ஏன்?" என்று மறுபடியும் கேட்கத் தொடங்கினாள். இன்று அவள் முதல் வகுப்பில் இருக்கிறாள். மற்றவர்களைப் போலவே எழுதுகிறாள். கேள்வியும் கேட்கிறாள்.

ஒரு பிள்ளையின் கதையை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் விதி வகுக்கலாகாது என்பதை நான் அறிவேன். எனவே, பல பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்றோர் ஊர். 1962 முதல் 1967 வரை அங்கே, வறுமையில் வாடிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளைத் தேர்ந்து, அவர்களுள் 58 பேருக்கு மூன்று, நான்கு வயதுகளில் தரமான மழலைக் கல்வி அளித்தார்கள். எஞ்சிய 65 பேர் அதைப் பெறவில்லை. டேவிட் வைகார்ட் என்பவர் நடத்திய இம்முயற்சி, பெர்ரி பாலர் பள்ளித் திட்டம் என்று புகழ்பெற்றது. நாள்தோறும் காலையில் இரண்டரை மணி நேரமே வகுப்பு. ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். வாரந்தோறும் ஆசிரியரே வீடு தேடிச் சென்று தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் அமர்ந்தார். இன்று என்ன விளையாடப் போகிறாய் என்பதைப் பிள்ளையே திட்டமிடும், விளையாடும், முடிந்தபின், என்ன செய்தாய் என்று ஆசிரியர் கேட்க, அதுவே எடுத்துச் சொல்லும்.

விளைவு என்ன? முதலில் இப்பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் கிடுகிடுவென உயர்ந்தது. ஆனால் சில ஆண்டுகளில் அந்த ஏற்றம் மறைந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்று கைவிட்டிருந்தால் உண்மை புதைந்தே போயிருக்கும். அவர்களை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். மழலைக் கல்வி பெற்றோருள் 77 விழுக்காட்டினர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தனர். பெறாதோருள் 60 விழுக்காட்டினரே. நாற்பது வயதில் வேலையில் இருந்தோர் முன்னவருள் 76 விழுக்காடு, பின்னவருள் 62 விழுக்காடு. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் முன்னவருள் 36 விழுக்காடு, பின்னவருள் 55 விழுக்காடு. நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இக்கணக்குகளை ஆராய்ந்து, நிலைத்து நின்றது மதிப்பெண் அன்று, குணநலனே என்று எடுத்துரைத்தார். பொறுமை, விடாமுயற்சி, பிறரோடு இணங்கிப் போதல் ஆகியவை எந்த ஏட்டில் எழுதிப் பழகியவை?

அப்படியானால் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் நன்மைதானே என்று எண்ணிவிட வேண்டாம். அதே அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், அரசு நடத்திய முன்பருவ வகுப்புகளுக்கு விண்ணப்பித்த 2,990 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2022-ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. ஆறாம் வகுப்பை அடைந்தபோது, அவ்வகுப்புகளில் படித்தவர்கள், படிக்காதவர்களைவிடத் தேர்வு மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தனர்! காரணங்களைப் பற்றி அறிஞரிடையே வாதங்கள் உண்டு. எனினும் ஒன்று தெளிவு. பள்ளிக்கு அனுப்பிவிட்டோம் என்பது மட்டும் கல்வியாகிவிடாது. பாலுக்கும் சுண்ணாம்பு நீருக்கும் நிறம் ஒன்றுதான்!

தரத்தை எப்படி அறிவது? கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அனுமதி பெற்று, வகுப்பின் பின்புறம் பதினைந்து நிமிடங்கள் உட்காருங்கள். அங்கே யார் குரல் அதிகம் கேட்கிறது? பிள்ளைகளின் குரலா, ஆசிரியையின் குரல் மட்டுமா? விளையாட்டுப் பொருள்கள் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் காட்சிக்கு இருக்கின்றனவா? ஒரு பிள்ளை அழுதால் அதன் அருகே யார் மண்டியிடுகிறார்? கழிப்பறைக்குப் போகப் பயமின்றிக் கேட்கிறதா? ஆசிரியைகள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறார்களா?

அங்கன்வாடியை ஏளனமாகப் பார்ப்போரும் நம்மிடையே உண்டு. 'ஆங்கன்' என்றால் இந்தியில் முற்றம். முற்றத்தில் விளையாடிக்கொண்டே கற்பது என்னும் அரிய கருத்து அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இம்மையங்களை நாடெங்கும் பரப்பியது. 2019-இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் மழலையர் வகுப்புகளையும் தொடங்கியது. உங்கள் தெரு மையத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். நன்றாக நடந்தால் அனுப்புங்கள். குறை இருந்தால் கூடிப்போய்க் கேளுங்கள். சத்துமாவும் முட்டையும் கொடுக்கும் இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நம் ஜமாஅத்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் மழலையர் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நுழைவாயில் வளைவுக்கும் பளிங்குத் தரைக்கும் மனமுவந்து கொடுக்கிறோம். அதில் ஒரு பங்கை ஆசிரியையின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் கொடுத்தால் என்ன? இன்னோர் ஆசிரியையை அமர்த்தினால், நாற்பத்தாறு பிள்ளைகள் இருபத்து மூன்றாகக் குறைவார்களே! வளைவில் பெயர் பொறிக்கலாம். பிள்ளையின் குணத்தில் பொறிக்கப்படும் பெயருக்கு ஈடாகுமா?

தாய்மாரே! எந்தப் பள்ளி கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், உங்கள் அடுப்படியை விடச் சிறந்த வகுப்பறை இல்லை. பூண்டு உரிக்கும்போது எண்ணச் சொல்லுங்கள். மீனைக் கழுவும்போது செதிலைக் காட்டுங்கள். பிள்ளை கேட்கும் நூறு கேள்விகளில் பத்துக்கேனும் கைவேலையை நிறுத்திவிட்டு, முகம் பார்த்துப் பதில் சொல்லுங்கள். வீட்டில் பேசும் தமிழில் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு மற்ற மொழிகள் பின்னால் வந்து சேரும்.

கடல் கடந்து உழைக்கும் தந்தையரே! இன்றிரவு தொலைபேசியில் அழைக்கும்போது, "என்ன எழுதினாய்?" என்று கேளாமல், "யாரோடு விளையாடினாய்? என்ன பேசினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்று நேரம் ஆகலாம். பொறுமையாகக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பும் உங்கள் பிள்ளைக்கு நீங்கள் தரும் கல்விதான்.